சப்பாணிப் பருவம்

பிள்ளைத்தமிழ் நடத்துவது நமக்கு என்றுமே உவப்பான வேலை. பத்துப் பருவங்களையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மரபு சொல்லும் மாதத்தைக் குறித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவோம். காப்பு 3ஆம் மாதம், செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13 என்று ஒற்றைப்படையில் ஏறிச்சென்று, சிறுதேர் 21இல் வந்து நிற்கும் அந்தப் பட்டியல். குழந்தை மருத்துவர் தம் அறைச்சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று ஆண்டுதோறும் கேட்போம். ஆண்டுதோறும் வகுப்பு சிரிக்கும். பதினைந்து ஆண்டுகளாக ஒரே நகைச்சுவை. ஆசிரியத் தொழிலில் இதற்கெல்லாம் இடமுண்டு.

சென்ற ஆண்டு அந்த வகுப்பு முடிந்த பிறகு மாணவி ஒருத்தி மேசையருகே வந்து நின்றாள். "ஐயா, எங்க தம்பி சப்பாணி கொட்டவே இல்லைங்க ஐயா. ஆனா ஊர்ல அவனுக்கு அதுதான் பேரு" என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பாடத்தில் ஓர் ஐயம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நமக்குத்தான் விடை தெரியவில்லை.

சப்பாணி என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பிள்ளைத்தமிழில் அது இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதல். தெருவில் அது கால் விளங்காதவன். அகராதி இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படத்தில், அப்பெயரால் அழைப்பவனை அறைந்துவிடு என்று நாயகி நாயகனுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். அவனுடைய உண்மைப் பெயர் கோபாலகிருஷ்ணன். படம் பார்த்த தமிழகமோ கோபாலகிருஷ்ணனை மறந்துவிட்டுச் சப்பாணியை மட்டும் வீட்டுக்கு எடுத்துச்சென்றது. ஒரே சொல் மீனாட்சியம்மையின் கைகளுக்கு வாழ்த்தாகவும், ஊர்க்கோடியில் இருக்கும் சிறுவனுக்கு வசையாகவும் இருப்பதைப் பதினைந்து ஆண்டுகள் நடத்தியும் நாம் கவனித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிறுவனுக்கு இப்போது பதினொரு வயது. அவன் கதையை அவளுடைய இசைவுடனேயே எழுதுகிறோம். நிறைமாதத்தில், சுகப்பிரசவத்தில், வீறிட்டு அழுதுகொண்டே பிறந்த பிள்ளை. நான்கைந்து மாதத்தில் எதையும் இடக்கையால் எட்டிப் பிடித்தான். "பாட்டனைப்போல இவனும் இடக்கைக்காரன்" என்று வீடு மகிழ்ந்தது. வலக்கை எப்போதும் மூடியே இருந்தது. எட்டாம் மாதத்தில் பாட்டிக்குத்தான் முதலில் ஐயம். காட்டிய இடத்தில், "சில பிள்ளைகள் தாமதமாகத்தான் வரும், பொறுத்திருங்கள்" என்றார்கள். உறவினரும் அதையே சொன்னார்கள். குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் திறக்கவில்லையே, திருச்செந்தூரில் முருகன் அருளவில்லையா என்று ஒரு பெரியவர் ஆறுதல் கூறினாராம். குடும்பமும் திருச்செந்தூர் சென்று வந்தது. இரண்டரை வயதில், காலை இழுத்து நடக்கத் தொடங்கிய பிறகே, மூளை முடக்குவாதம் என்ற சொல்லை அவர்கள் முதன்முறை கேட்டார்கள். பிறப்பை ஒட்டிய நாள்களில் மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. அதற்குள் ஊர் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது: தாய் மசக்கையில் இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள்.

மீனாட்சியம்மைக்கும் முத்துக்குமாரசுவாமிக்கும் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரே, மரபு சொல்லும் கதைப்படி, பேச்சுப் பருவம் தப்பிய பிள்ளை. இது நமக்கு மிகவும் பிடித்த கதை. ஆனால் அது ஒரு புலவரின் வரலாறாக இருக்கும்வரைதான் அழகு. எட்டு மாதக் குழந்தைக்கு மருத்துவ ஆலோசனையாக அதைப் பயன்படுத்தத் தொடங்கினால், காத்திருப்பதே பக்தி என்றாகிவிடுகிறது.

செரிப்ரல் பால்சி என்று ஆங்கில மருத்துவம் சொல்வதை நம் அரசு ஆவணங்கள் மூளை முடக்குவாதம் என்கின்றன. வளரும் மூளையில், கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ நேர்ந்த ஒரு சேதத்தால், அசைவும் உடல் நிலையும் குலைவதே இது. அந்தச் சேதம் வளர்வதில்லை. வளர்வது குழந்தைதான், சேதத்தின் விளைவுகள் குழந்தையோடு சேர்ந்து உருமாறுகின்றன. உயர் வருவாய் நாடுகளில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1.6 என்பது அண்மைக் கணக்கு. நம் அண்டை நாடான வங்கதேசத்தின் பதிவேடு ஆயிரம் குழந்தைகளுக்கு 3.4 என்கிறது. இவர்களில் மூவரில் இருவர் நடப்பவர்கள். நால்வரில் மூவர் பேசுபவர்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிவுத்திறனில் குறையே இல்லை. 'மூளை' என்ற சொல் பெயரிலேயே இருப்பதால் இந்தக் கடைசிச் செய்தியை நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

யார் செய்த பிழை என்னும் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமும் நூறாண்டுக்கும் மேலாக அக்கேள்வியில் சிக்கிக்கிடந்தது. 1861இல் இலண்டன் மகப்பேற்று மருத்துவர் கழகத்தில் வில்லியம் ஜான் லிட்டில் ஓர் ஆய்வுரை வாசித்தார். இளம்பிள்ளை வாதத்தால் தாமே வளைந்த பாதத்தோடு வளர்ந்தவர் அவர். கடினமான பேறு, குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவையே குழந்தையின் உடல் விறைப்புக்குக் காரணம் என்று நிறுவ முயன்றார். சான்றுக்கு அவர் சேக்சுபியரின் மூன்றாம் ரிச்சர்டையும் துணைக்கு அழைத்தார் என்பது இலக்கியம் படித்த நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமை தரும் செய்தி. நெடுங்காலம் இந்நோய்க்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர் வழங்கியது.

அதை மறுத்தவர் நாம் வேறு காரணத்துக்காக அறிந்துவைத்திருக்கும் ஒருவர். கனவுகளின் பக்கம் முழுமையாகப் போவதற்குமுன் நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்டு, 1897இல் குழந்தைகளின் மூளை வாதம் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். கடினமான பேறு எல்லா நேரத்திலும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கருவிலேயே ஏற்பட்ட கோளாறின் அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்றார். யாரும் செவிமடுக்கவில்லை. அமெரிக்காவில் 1959 முதல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருப்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு பேராய்வின் தரவுகளைக் காரின் நெல்சனும் ஜோனஸ் எல்லன்பர்க்கும் அலசி 1986இல் வெளியிட்டபோதுதான் நிலைமை மாறியது. பிறக்கும்போது மூச்சுத் திணறிய பிள்ளைகளில் மிகப் பலர் நலமாகவே வளர்ந்தார்கள். முடக்குவாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட திணறலே இல்லை. குழந்தையின் இதயத்துடிப்பைப் பேற்றின்போது இடைவிடாது கண்காணிக்கும் கருவிகள் வந்தன, சிசேரியன்கள் பெருகின. முடக்குவாதத்தின் விகிதம் அதனால் குறையவில்லை.

இதற்கு நம்மருகே நடந்த ஒரு சான்றும் உண்டு. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை மூன்று நாள்கள் குளிர்வித்து வைத்தால் மூளைச் சேதம் குறையும் என்று மேலை நாட்டு ஆய்வுகள் 2005 முதல் காட்டின. அங்கே அது நிலைத்த சிகிச்சையாயிற்று. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேச நகரங்களின் மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதே முறையைச் சோதித்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. குளிர்வித்தவர்களில் 42 விழுக்காட்டினரும் குளிர்விக்காதவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள். அங்கே காத்த மருந்து இங்கே காக்கவில்லை, கேடும் செய்தது. இங்குள்ள குழந்தைகளின் மூளைச் சேதம் பேற்று நேரத்துக்கு முன்பே, கருவிலேயே தொடங்கியிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று. பிராய்டின் குரல் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து எழும்பூர்ப் பக்கம் கேட்பதுபோல் நமக்குத் தோன்றியது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் இத்தனை காலம் தேடியும் காரணத்தை முழுதாகக் கைப்பற்ற இயலாத ஒன்றுக்கு, ஒரு பெண் கிரகணத்தன்று வாசலுக்கு வந்ததைக் காரணமாகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நிற்க. அந்த மாணவியின் தம்பி கதையில் நம்மை உறுத்துவது கிரகணம் அன்று. மருத்துவமே சொன்ன 'பொறுத்திருங்கள்' என்ற சொல்தான்.

ஹூபெல், வீசெல் என்னும் இருவர் 1960களில் பூனைக்குட்டிகளிடம் செய்த சோதனையைப் பலர் அறிந்திருப்பீர்கள் (1981இல் நோபல் பரிசு பெற்றது). பிறந்து சில வாரங்களே ஆன குட்டியின் ஒரு கண்ணை மூடி வைத்துச் சில காலம் கழித்துத் திறந்தால், கண் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் மூளை அக்கண்ணோடு பேசாது. அதற்குரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிடும். வளர்ந்த பூனையின் கண்ணை அதே காலம் மூடி வைத்தாலோ ஒன்றும் நேர்வதில்லை. பருவம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

கைக்கும் இதே கதைதான் என்று பின்னர் கண்டார்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பகுதி, இடமிருந்து வலத்துக்கும் வலமிருந்து இடத்துக்கும் குறுக்கே மாறிச் செல்பவை. ஆனால் பிறந்த குழந்தையிடம் மூளையின் ஒவ்வொரு பாதியும் இரு கைகளுக்கும் இழைகளை அனுப்பியிருக்கும். முதல் இரண்டாண்டுகளில் அவற்றிடையே ஒரு போட்டி நடக்கிறது. அதிகம் வேலை செய்யும் இழைகள் நிலைக்கின்றன, வேலையில்லாதவை பின்வாங்குகின்றன. பங்காளிச் சண்டையில் ஊரில் இல்லாதவன் நிலம் என்ன ஆகுமோ அதுவே இங்கும். இடப்பக்க மூளையில் சேதமுற்ற குழந்தையிடம், எஞ்சிய நல்ல இழைகளும் பயன்படாத காரணத்தால் மாதந்தோறும் தம் இடத்தை இழக்கின்றன. நலமான பாதி இரு கைகளையும் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது. ஆகவே எட்டாம் மாதத்தில் மூடியிருந்த வலக்கையும் இரண்டரை வயதில் மூடியிருந்த வலக்கையும் ஒன்றல்ல. முதலாவதில் சேதம் மட்டும் இருந்தது. இரண்டாவதில், காத்திருந்த காலமும் சேர்ந்துகொண்டது. மூளை தன் வளர்ந்த அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் அடைந்துவிடுகிறது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பத்து மாதக் குழந்தைக்கு இடக்கைப் பழக்கம், வலக்கைப் பழக்கம் என்று எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அது பாட்டன் வழி வந்த பெருமை ஆகாது; மறு கையைப் பரிசோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை.

அவ்வளவு சிறிய பிள்ளையிடம் எப்படிக் கண்டறிவது என்று கேட்கலாம். நெதர்லாந்தின் குரோனிங்கனில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் செய்தது வியப்பூட்டும் அளவுக்கு எளிய காரியம். குழந்தையைத் தொடாமல், பொம்மை காட்டாமல், மல்லாக்கப் படுக்க வைத்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார், படமும் எடுத்தார். நலமான குழந்தையிடம் ஏறத்தாழ 3 முதல் 5 மாதம் வரை, கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கணுக்காலிலும், எல்லாத் திசையிலும் ஓயாது சின்னஞ்சிறு துறுதுறுப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது இல்லாத குழந்தைக்குப் பின்னாளில் முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். 130 குழந்தைகளைத் தொடர்ந்த அவருடைய 1997ஆம் ஆண்டு ஆய்வில் இக்கணிப்பு இரு திசையிலும் 95 விழுக்காட்டளவு துல்லியமாக இருந்தது. 2017இல் ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் முதலானோர் அதுவரை வந்த சான்றுகளையெல்லாம் திரட்டி, ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறிய இயலும் என்றும், முழு உறுதி கிட்டாவிடினும் 'மிகு ஆபத்து' என்று குறித்துப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் வரையறுத்தார்கள். வருகைப் பருவமும் சிறுதேர்ப் பருவமும் கடந்து கண்டறியப்பட்டு வந்த ஒன்று, காப்புப் பருவத்துக்கும் செங்கீரைப் பருவத்துக்கும் இடையே வந்துவிட்டது.

கண்டறிந்து என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு, மருத்துவர்களிலும் உண்டு. குணமாக்க இயலாததை முன்கூட்டியே சொல்லித் தாயை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்னும் இரக்கத்தில் பிறக்கிறது அக்கேள்வி. அந்த இரக்கத்தை நாம் மதிக்கிறோம். முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. ஸ்டாக்ஹோமில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. ஒரு பக்கம் சுணங்கியிருந்த கைக்குழந்தைகளில் ஒரு குழுவினருக்கு, நாள்தோறும் சிறிது நேரம் நல்ல கையில் உறை மாட்டி, சுணங்கிய கையால் விளையாட வைத்தார்கள். மற்றக் குழுவினருக்குப் பெற்றோர் உடல் நீவிவிட்டார்கள். முதற்குழுவின் கை கூடுதலாகத் தேறியது. எண்ணெய் தேய்த்து நீவுவதை நம் பாட்டிமார் விட வேண்டியதில்லை. அது குழந்தைக்குச் சுகம். ஆனால் மூளை கற்றுக்கொள்வது பிறர் தன் கையை அசைக்கும்போது அன்று, தானே ஒன்றை வேண்டி எட்டும்போது.

இதில் அற்புதம் எதுவும் இல்லை. அற்புதம் விற்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அழுத்த அறையில் உயிர்வளி ஏற்றினால் இக்குழந்தைகள் தேறுவார்கள் என்று ஒரு காலத்தில் பெரும் பேச்சு எழுந்தது. கனடாவில் 111 குழந்தைகளை இரு குழுவாக்கிச் சோதித்து 2001இல் முடிவு வெளியிட்டார்கள். உயிர்வளி ஏற்றிய குழு தேறியிருந்தது. சற்றே அழுத்திய சாதாரணக் காற்றைச் சுவாசித்த குழுவும் அதே அளவு தேறியிருந்தது! நாள்தோறும் பெற்றோர் உடனிருந்து, எல்லோரும் அக்குழந்தைகள்மீது கவனம் வைத்ததே இரு குழுக்களுக்கும் பொது. நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொட்டுவதற்குமுன் நம்மவர்கள் இந்த ஒரு செய்தியையாவது அறிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் சட்டங்களும் திட்டங்களும் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தைத் தனியாகவே பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தது. பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கப்பெற்று, அதன்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் உருவாயின. நாம் கேட்பது புதிய கட்டடம் எதையும் அன்று. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14ஆம் வாரங்களில் ஊசி. பின்னர் 9ஆம் மாதம் முடிந்ததும் தட்டம்மை ஊசி. 14ஆம் வாரம் என்பது பிரெக்டல் பார்த்த துறுதுறுப்பின் நடுக்காலம். நம் கணக்கில் காப்புப் பருவம். 9ஆம் மாதம் சப்பாணி. இந்த இரு நாள்களிலும் தமிழ்நாட்டின் பெரும்பாலான குழந்தைகள் ஒரு செவிலியர் முன்னால் வந்து நிற்கின்றன, ஊசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகின்றன. முதல் நாளில் ஊசிக்குமுன் மூன்று நிமிடம் குழந்தையைப் படுக்க வைத்துச் செல்பேசியில் படம் எடுத்து, பயிற்சி பெற்ற ஒருவருக்கு அனுப்பலாம். (குறைமாதப் பிள்ளைக்குப் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும், ஆகவே படம் மட்டும் சற்றுத் தள்ளிப் போகும்.) இரண்டாம் நாளில் இன்னும் எளிது: இரு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்து ஒன்றையொன்று சந்திக்கின்றனவா என்று பார்த்தால் போதும். உடலின் நடுக்கோட்டில் இரு கைகளும் கூடுவது எத்தனை பெரிய நரம்பியல் நிகழ்ச்சி என்பது அதற்கென ஒரு பருவமே வகுத்த நம் புலவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் உரிய மாதத்தில், விழியெடுக்காமல் பார்த்திருக்கிறார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியருக்கு ஏற்கெனவே எத்தனை பதிவேடுகள், எத்தனை வேலைகள் என்பதை அறியாமல் பேசவில்லை. பயிற்சிக்குக் காலமும் பணமும் ஆகும். ஐயத்தின்பேரில் அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலர் நலமானவர்களாகவும் இருப்பார்கள். நலமான பிள்ளைக்குச் சில மாதம் விளையாட்டுப் பயிற்சி கொடுத்ததால் வரும் நட்டம் என்ன, சேதமுற்ற பிள்ளையை இரண்டரை வயதுவரை காக்க வைத்ததால் வரும் நட்டம் என்ன என்று எடைபோட்டுப் பார்த்தால் போதும் என்பது நம் துணிபு.

அந்தச் சிறுவன் இப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் முதல்வனாம். இடக்கையால் எழுதுகிறான், வலக்கையைத் தாள் நகராமல் அழுத்திக்கொள்ளப் பயன்படுத்துகிறான். அந்த அழுத்தலுக்கு நான்காண்டுப் பயிற்சி ஆனதாக அக்காள் சொன்னாள். இந்த ஆண்டு அப்பட்டியலைக் கரும்பலகையில் எழுதியபோது நாம் அந்தப் பழைய நகைச்சுவையைச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் அவள் மறுபடி வந்தாள். சித்திக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வரும் புதன்கிழமை 14ஆம் வாரத் தடுப்பூசி. விடுப்பு வேண்டும் என்றாள். தானும் உடன் சென்று, ஊசிக்குமுன் பாப்பாவைப் பாயில் படுக்க வைத்து மூன்று நிமிடம் படம் எடுக்கப் போகிறாளாம்.